எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா? "தர்மம் பண்ண எதுக்குப் பட்டம்?" என்கிறார் ஐயா

பள்ளத்தூர்ப்_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முடித்துவிட்டேன். சமூகப் பணி முதுகலையில், அதுதான் எம்.எஸ்.டபிள்யூ., இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள். அப்பச்சி, ஆத்தா, அதாவது அப்பா அம்மா, இரண்டு பேருக்கும் பெரிய மறுப்பில்லை. தாத்தா, நாங்கள் ஐயா என்போம், அவர்தான் மசியவில்லை. கோபமெல்லாம் படவில்லை, சிரிக்கிறார். அதுதான் இன்னும் கஷ்டம்.

நேற்று முகப்பில் உட்கார்ந்து பேச்செடுத்தேன். "தர்மம் பண்றதுக்கு எவன் பட்டம் வாங்குனான் ஆத்தா?" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் கட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்து வரச் சொன்னார். பாட்டையா பர்மாவில், மோல்மேனில் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கு. தாள் தொட்டால் உதிர்கிறது. அதில் மகமை, அதாவது தர்மத்துக்கு ஒதுக்குகிற பங்கு, என்று தனிப் பற்று வரவு. ஊருணி வெட்டியதற்கு இவ்வளவு, பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. "இதை எழுதினவரு அஞ்சாப்பு. போதுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கல்லூரி கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். 'நோக்கம்' என்று அரைப் பக்கம். சமூக நீதி, மனித மாண்பு, விளிம்புநிலை மக்களின் அதிகாரமேற்பு என்று எல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். நாலு தடவை வாசித்தும், திங்கட்கிழமை காலையில் போய் நான் என்ன செய்வேன் என்பது பிடிபடவில்லை.

இந்தப் படிப்பு எப்படி ஒரு பல்கலைக்கழகத்துக்குள் வந்தது, எதற்காக வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐயாவை ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் படுகிறது.

சும்மா_வந்தேன்:

எம்.பி.ஏ. போட்டுவிட்டுப் போம்மா. சேவை ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம்.

ஓசூர்_ஷிப்ட்:

நான் காரைக்குடிப் பையன், எம்.எஸ்.டபிள்யூ. முடித்து எட்டு வருஷமாக எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். மேலே சொன்ன நண்பருக்கு: எம்.எஸ்.டபிள்யூ. படித்தும் எம்.பி.ஏ.க்காரர்கள் பார்க்கிற வேலைக்கு வரலாம், நான் வந்திருக்கிறேன்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 49வது பிரிவு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் நல அலுவலர் வைத்தே ஆக வேண்டும் என்றது. அந்த நாற்காலிக்கு ஆள் எங்கிருந்து வரும்? சமூகப் பணிப் பள்ளிகளிலிருந்துதான். 'தொழிலாளர் நலனும் பணியாளர் மேலாண்மையும்' என்று ஒரு தனிப்பிரிவு நம் நாட்டுப் பள்ளிகளில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் எடுத்தோம். அதனால் 'நோக்கம்' பக்கத்தில் சமூக நீதி என்று போட்டிருந்தாலும் வளாக நேர்காணலுக்கு வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டுக் கடன் கட்ட வேண்டாமா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி உண்டு. எந்த இடத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறாரா என்று சேருவதற்கு முன்னால் விசாரி. சில இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதே களப்பணி.

கோட்டையூர்_வாசி:

ஆத்தா, நான் கோட்டையூர்க்காரி. காரைக்குடியில் பி.எஸ்சி. முடித்து, 1978ல் மதுரைக்குப் போய் இதே படிப்பில் சேர்ந்தேன். அப்புறம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளராக 33 வருஷம். 2015ல் ஓய்வு. எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது, ஆனால் உன் ஐயா மாதிரிச் சிரித்துக்கொண்டு யாரும் கேட்கவில்லை.

முதலில் ஐயாவுக்கு ஒரு செய்தி சொல். அவர் கேட்ட கேள்வியை 1915ல் அமெரிக்காவில் பால்டிமோர் மாநாட்டில் ஒருவர் மேடையேறியே கேட்டுவிட்டார். பெயர் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர். அந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகளையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து 1910ல் அறிக்கை எழுதி, அரைகுறைக் கல்லூரிகள் பல மூடப்படக் காரணமாக இருந்தவர். அவ்வளவு கறாரான ஆள். சமூகப் பணி ஒரு தனித் தொழில்தானா என்று கேட்டு, இன்னும் இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். டாக்டரிடம் ஒருவரை, வக்கீலிடம் ஒருவரை என்று கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதானே, உங்களுக்கென்று என்ன நுட்பம் இருக்கிறது என்பது அவர் வாதம். அந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இந்தத் துறை பாதி வளர்ந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1917ல், மேரி ரிச்மண்ட் என்ற அம்மா தடிமனாக ஒரு புத்தகம் போட்டார். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை எப்படி விசாரிப்பது, யாரிடம் கேட்பது, கேட்டதில் எதை நம்புவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிய நூல். இந்த அம்மாவைப் பற்றி ஐயாவிடம் கட்டாயம் சொல். தாய் தகப்பன் இல்லாமல் பாட்டி வளர்த்த பிள்ளை. உயர்நிலைப் பள்ளியோடு சரி, கல்லூரி வாசல் மிதித்ததில்லை. பால்டிமோரில் ஒரு தர்ம சங்கத்தில் கணக்கு வழக்குப் பக்கத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். உன் பாட்டையா மாதிரி! அப்படிப்பட்டவர்தான் 1897ல் டொரன்டோ மாநாட்டில், இந்த வேலைக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று குரல் கொடுத்தார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பாகத் தொடங்கினார்கள். இன்றைக்குக் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பள்ளி என்று நிற்பது அந்த ஆறு வாரத்திலிருந்து முளைத்ததுதான்.

பள்ளி எதற்கு என்று அவருக்குத் தோன்றியதே ஒரு சிக்கலால்தான். 1869ல் லண்டனில் தர்ம அமைப்புகளை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் வைத்தார்கள். அமெரிக்க நகரங்களிலும் அதைப் பார்த்து ஆரம்பித்தார்கள். கொடுக்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்கு நாலு இடத்திலிருந்து போகும், பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாது. சரி, வீட்டுக்கு வீடு ஆளை அனுப்பி விசாரிப்போம் என்றார்கள். போனவர்கள் பணக்கார வீட்டுப் பெண்கள். போய்விட்டு வந்து, இவர் தகுதியான ஏழை, அவர் தகுதியில்லாத ஏழை என்று பிரித்தார்கள். குடிக்கிறாரா, தள்ளு. சோம்பேறியா, தள்ளு. இந்த அழுக்கும் நம் துறையின் வரலாற்றில் இருக்கிறது. கையேட்டில் எழுத மாட்டார்கள்.

சிகாகோவில் கதை வேறு. ஜேன் ஆடம்ஸ் 1889ல் ஹல் ஹவுஸ் என்று ஒரு வீடெடுத்து, பிழைக்க வந்த மக்கள் நடுவிலேயே குடியிருந்தார். விசாரிக்கப் போவதற்குப் பதில் அங்கேயே வாழ்வது. அந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள் ஈடித் ஆபட், சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் என்ற இரண்டு பெண்கள். நகரத்தில் தனியாக நடந்துகொண்டிருந்த பள்ளியை 1920ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் வைத்தது அவர்கள்தான். உன் கேள்விக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. சம்பளம், வீட்டு வாடகை, குழந்தைத் தொழில், சட்டம் இதெல்லாம் தெரியாமல் நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட முடியாது, அதற்கு ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1924ல் ஆபட் அதன் தலைவராகவே ஆனார்.

நம் நாட்டுக்கு வந்தது பம்பாய் வழியாக. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1926ல் நாக்பாடாவில், ஆலைத் தொழிலாளிகளும் வறுமையும் நெருக்கியடித்துக் கிடந்த பகுதியில், அக்கம்பக்கத்து மக்களுக்கென்று ஒரு மையம் ஆரம்பித்தார். உதவிக்கு ஆள் தேடினால் மனசு இருந்தது, பழக்கம் இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1936ல் டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பட்டப் பள்ளி. இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். அதன் முதல் இந்திய இயக்குநர் ஜே.எம். குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தை மதுரை பக்கம் கல்லுப்பட்டியில் கழித்த காந்தியவாதி ஜே.சி. குமரப்பாவின் அண்ணன். அண்ணன் பம்பாயில் பள்ளி, தம்பி கிராமத்தில் செக்கும் கைத்தொழிலும். இரண்டில் எது சமூகப் பணி என்று நாங்கள் விடுதியில் விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறோம். மதராஸில் 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பித்தது மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். திண்டுக்கல் பக்கம் டாக்டர் சௌந்தரம் 1947ல் தொடங்கிய காந்திகிராமம் வேறு பாதையில் வந்து, 1976ல் பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது.

வரலாறு போதும். பட்டம் என்ன கற்றுக் கொடுத்தது என்று சொல்கிறேன்.

களப்பணிக்குப் போய் வந்ததும் நடந்ததையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்கு என்ன தோன்றியது, எல்லாம். முதல் மாதம் நான் எழுதியது: "கணவனை இழந்த பெண். பாவம். மூன்று குழந்தைகள்." எங்கள் மேற்பார்வை ஆசிரியை 'பாவம்' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில், "இதை அவர் சொன்னாரா, நீ சொன்னாயா?" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் போய் அந்தப் பெண்ணிடமே கேட்டேன், உங்களுக்கு இப்போது எது கஷ்டம் என்று. புருஷன் போனதை அவர் சொல்லவே இல்லை. ரேஷன் கார்டு மாமனார் பெயரில் இருக்கிறது, அவர் தர மாட்டேன் என்கிறார் என்றார். ஒரு மாதமாக நான் அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டியிருந்தது தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு.

20 வருஷம் கழித்து நான் அந்தச் சிவப்பு மை ஆளானேன். என்னிடம் களப்பணிக்கு வந்த ஒரு மாணவி, காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்ட ஒருவரைப் பற்றி "பொறுப்பில்லாதவர்" என்று எழுதியிருந்தாள். வட்டமிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார், வேலை செய்கிற இடத்துக்கும் போய்ப் பார் என்றேன்.

அவர் ஆத்தங்குடிப் பக்கம் ஓடு செய்கிறவர், அதுதான் தரைக்குப் பதிக்கிற பூ ஓடு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர்க் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற வேலை. விடிந்ததும் ஆரம்பித்தால்தான் எண்ணிக்கை தேறும், எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தக் காலத்தில் மாத்திரை வாரத்துக்கு மூன்று நாள், பார்வையாளர் முன்னால்தான் விழுங்க வேண்டும், முதல் இரண்டு மாதத்தில் ஒரே வேளைக்கு ஏழு மாத்திரை. சுகாதார நிலையம் திறக்கிற நேரத்துக்குப் போய், பஸ் பிடித்துத் திரும்பினால் பாதி நாள் கூலி போச்சு. வாரத்துக்கு மூன்று பாதி நாள். மூன்று வாரம் போகாமல் இருந்துவிட்டார். வீட்டில் ஒரு காரணம், பட்டறையில் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். நோய் இன்னதென்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு.

மாத்திரை கொடுக்கிறவர் நர்சாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. குடும்பத்து ஆளாக இல்லாமல், பொறுப்பானவராக, நோயாளி ஒப்புக்கொள்கிறவராக இருந்தால் போதும். யாரை வைக்கலாம் என்று அவரிடமே கேட்கச் சொன்னேன். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரைச் சொன்னார். நோயாளியின் பெயர் எழுதிய சிவப்பு மாத்திரைப் பெட்டி டீக்கடையில் பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. டீ குடிக்கிற நேரத்தில் மாத்திரை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் ஐயா அங்கே இருந்திருந்தால் அவருக்கு நூறு ரூபாய் கொடுத்திருப்பார். நல்ல மனசுதான். அந்தப் பணமும் பஸ்ஸுக்குப் போயிருக்கும்.

பள்ளத்தூர்ப்_பேத்தி:

அம்மா, இதை இரண்டு தடவை வாசித்தேன். ரொம்ப நன்றி. 'பாவம்' என்ற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஓசூர் அண்ணன் சொன்ன எச்.ஆர். பக்கம் பற்றியும் உங்களிடம் கேட்க வேண்டும். அப்பச்சிக்கு அதில்தான் விருப்பம். அதுவும் சமூகப் பணிதானா?

தேவகோட்டை_ரஸ்தா:

நானும் உன் ஐயா வயசுக்காரன்தான் ஆத்தா, அதனால் அவர் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். கோட்டையூர் அம்மா கடைசியில் சொன்னது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

மகமை என்பது இரக்கப்பட்டு அள்ளிப் போடுகிறது கிடையாது. வரவில் ஒரு சிறு பங்கைக் கை வைக்காமல் தனியே எடுத்து, சாமி பேரிலோ தர்மத்தின் பேரிலோ பற்று வரவு எழுதி வைப்பது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் எழுதியாக வேண்டும். எழுதினதை எடுத்துச் சொந்தத்துக்குச் செலவழிக்கக் கூடாது. ஊருணியும் சத்திரமும் பாடசாலையும் அப்படி வந்தவை. அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் கல்லூரி ஆரம்பித்தார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். சமூகப் பணிப் பட்டம் வாங்கிவிட்டா கொடுத்தார்? அவர் பேரில் 1985ல் வந்த பல்கலைக்கழகத்திலேயே இன்றைக்கு இந்த எம்.எஸ்.டபிள்யூ. சொல்லித் தருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பேரேட்டில் கொடுத்த தொகை இருக்கும், வாங்கினவன் பேர் இருக்காது. எங்கள் வீட்டுப் பேரேட்டிலும் இல்லை. அதைப் பண்பாடு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாங்கினவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கோட்டையூர்_வாசி:

ரஸ்தா அண்ணனுக்கு: நூறு ரூபாய் என்று நான் எழுதியது கொஞ்சம் கூடுதல்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். மகமைக் கணக்கு மாதிரி விடாமல் எழுதுகிற பழக்கம் எங்கள் துறையில் இருந்திருந்தால் பாதிக் கோப்பு காணாமல் போயிருக்காது. உங்கள் கடைசி இரண்டு வரியை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும், இப்போது வகுப்பு இல்லை.

ஆத்தா, எச்.ஆர். பற்றிக் கேட்டாய். நான் முதலில் வேலைக்குப் போனதே அங்கேதான். 1980, ஒரு நூல் ஆலை, ஊர் வேண்டாம். நல அலுவலர். மேஜை, மின்விசிறி, வாசலில் பெயர்ப் பலகை எல்லாம் கொடுத்தார்கள். கேண்டீன் சாம்பார், குழந்தைகள் காப்பகம், குடிதண்ணீர் இவற்றில் கொஞ்சம் நல்லது செய்தேன் என்றே நினைக்கிறேன். பத்தாவது மாதம் ஒரு பெண்ணுக்கு மெஷினில் விரல் போனது. காப்புத் தகடு கழன்று ஒரு வாரமாக யாரும் மாட்டவில்லை. மேலே கூப்பிட்டு, "உங்ககிட்டதான் அவங்க நல்லாப் பேசுவாங்க, நீங்களே போய் எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். தன் கவனக்குறைவால் நடந்தது என்று எழுதி வாங்க வேண்டும். போனேன். பேசினேன். படித்ததையெல்லாம் பயன்படுத்தித்தான் பேசினேன். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் காது கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் மௌனமாக இருக்க வேண்டும், எல்லாம். இடது கையில் கட்டு. வலது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு அந்தக் காகிதத்தில் வைத்தது நான்தான்.

14 மாதத்தில் வெளியே வந்தேன். ஆனால் அந்தக் காகிதம் எழுதி வாங்கிய நாளிலேயே வரவில்லை, நாலு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

எச்.ஆர். போகாதே என்று சொல்ல மாட்டேன். ஓசூர்த் தம்பி மாதிரி நல்ல பிள்ளைகள் அங்கே இருந்தால் அந்த இடத்தில் அந்தக் காகிதம் எழுதப்படாமல் போகலாம். ஆனால் ஒன்று. கேட்கத் தெரிந்தவருக்கு எதையும் எழுதி வாங்கவும் தெரிந்துவிடுகிறது. அரைப் பக்கம் 'நோக்கம்' எழுதியிருக்கிறார்களே, அது எனக்கு அந்த நாளில்தான் புரிந்தது. 2014ல் உலக அளவில் சமூகப் பணிக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டபோது சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, பன்மைக்கு மதிப்பு என்று எழுதி வைத்தார்கள். உன் கையேட்டு வார்த்தைகள் அந்தக் குடும்பம்தான். படித்த வித்தையை யாருக்காகப் பயன்படுத்துகிறாய் என்று கேட்கிற வார்த்தைகள். டாக்டருக்கும் வக்கீலுக்கும் தப்புச் செய்தால் கேட்க ஒரு கவுன்சில் உண்டு. நமக்கு அப்படி ஒன்று நான் வேலை பார்த்த காலம் முழுக்க இல்லை. மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று 2017 மனநலச் சட்டம் ஓர் இலக்கணம் சொன்னது, 2021ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு வந்த ஆணையச் சட்டம் மருத்துவ சமூகப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டது. மற்றவர்களுக்கு இன்னும் அந்த அரைப் பக்கம்தான் காவல்.

பள்ளிக்கூடம் பாடத்தோடு நிற்காமல் இருந்ததற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். 1098 என்று குழந்தைகளுக்கு ஓர் உதவித் தொலைபேசி எண் இருக்கிறதே, அது 1996ல் பம்பாய் டாட்டா கழகத்தின் களத்திட்டமாக ஆரம்பித்தது. நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கும் ஒன்று: பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்களே, அவர்களையும் யாரோ நம்பிக்கையோடுதான் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உன் ஐயாவுக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும்.

களப்பணியை முதல் வருஷம் மருத்துவமனையில் கேள். மேற்பார்வைக்கு ஆள் இருக்கிற மருத்துவமனையாகப் பார். தடிமனான நோட்டு வாங்கு, இடது பக்கம் ஓரம் அகலமாக விட்டு எழுது.

ஓசூர்_ஷிப்ட்:

அம்மா, போன மாதம் நானும் ஒரு காகிதம் வாங்கினேன். விரல் இல்லை, வேறு விஷயம். இதை இங்கே எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

பள்ளத்தூர்ப்_பேத்தி:

இன்று காலை ஐயாவிடம் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஃப்ளெக்ஸ்னர் வந்த இடத்தில் "அப்படிக் கேளு" என்று தொடையில் தட்டினார். ரிச்மண்ட் அம்மா பள்ளிக்கூடத்தோடு நின்றவர் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, பேரேட்டைத் திரும்பப் புரட்டினார். ஏர்வாடி நினைவிருக்கிறது என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

பணம் கட்டலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பச்சி நாளைக்கு வங்கிக்குப் போகிறார்.

வெளியே வரும்போது ஐயா கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டார். "அந்த ஆத்தங்குடி ஆளு பொழைச்சானா?"

கோட்டையூர்_வாசி:

பிழைத்தார் என்று சொல். ஆறு மாதமும் விடாமல் முடித்தார், கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மாணவி இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள். அவர் பட்டறையில் இல்லை, ஏதோ வீட்டு வளவுக்கு ஓடு பதிக்கப் போயிருந்தார். டீக்கடைக்காரர்தான் வாங்கிக்கொண்டார், காலிப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டாராம்.